ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்கிறார்களா? அடிமட்டம் ஒன்றோடு போங்கள்

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் சரையோடு திரும்பி வந்தேன். வானின் முன்னாசனத்துக்கு அடியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மல்லாவியிலிருந்து மாங்குளம் ஏறி வந்த வழியில் சூடு காட்டும் முள் வழக்கத்தைவிட உயர்ந்ததைப் பார்த்திருந்தேன். சித்திரை வெயில்தானே என்று விட்டுவிட்டேன். அது என் பிழை. அதற்குப் பிறகு நடந்தவை என் பிழைகள் அல்ல.

என்னுடையது டொயோட்டா டவுன்ஏஸ், 2சி டீசல் எஞ்சின். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இப்படிப்பட்ட கிழட்டு வான்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2025இல் தடை நீங்கியும் புதிது வாங்கும் வசதி நமக்கு வரவில்லை. ஆகவே இருப்பதைத்தான் திருத்தித் திருத்தி ஓட வேண்டும். கராஜ்காரர்களுக்கும் அது தெரியும்.

ஏ9 வீதியோரக் கராஜ் ஒன்றுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு முறை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். "அண்ணை, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொடுத்துச் சீவ வேண்டும்" என்றார். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பாகம். அதற்கும் அடிப்பாகத்துக்கும் இடையில் வைக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கட். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் நம்பினேன். 2சி எஞ்சினுக்குச் சூடு ஆகாது என்பது ஊரறிந்த விடயம். அடிப்பாகம் இரும்பு, ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட் வளையும், வெடிக்கும். என் மனதில் ஏற்கெனவே இருந்த பயத்தைத்தான் அவர் வாயால் சொன்னார்.

பத்தொன்பது நாள் வான் அங்கே நின்றது. 168,000 ரூபாய் கொடுத்தேன். பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு, "எங்களுக்குள் எதற்கு அண்ணை அதெல்லாம்" என்று சிரித்தார். ஆனால் சுவரில் ஆணியில் தொங்கிய கருகிய கேஸ்கட் ஒன்றை எடுத்து, "இதுதான் உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள்" என்று தந்தார். இவ்வளவு நேர்மையான மனிதரா என்று நெகிழ்ந்துபோய் அதை ஆசனத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

நான்காம் நாள் ஒட்டுசுட்டான் போகும் வழியில் முள் மறுபடி ஏறியது. திரும்பக் கொண்டுபோனேன். இந்த முறை தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் வால்வை, கழற்றி எறிந்தார். "எங்கள் வெயிலுக்கு இது தேவையில்லை." நான் ஊற்றியிருந்த கூலண்டையும் வடியவிட்டு, கிணற்றுத் தண்ணீரைக் குழாயால் நிரப்பினார். இரண்டுமே தவறு. பல டொயோட்டா எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு, ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பக்கவழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும், சூடு கூடும். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைச் சுண்ணாம்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. கூலண்டுடன் கலக்க வேண்டியது பற்றரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர்.

கடைசியில் வவுனியாவில் ஓர் ஐயாவிடம் போனேன். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரவே வானை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டுமாம். காலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தார். இருவரும் ரேடியேட்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்து, இடைவிடாமல் குமிழியிடும் என்றார். ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றுவிட்டது. அது அடைபட்டிருந்த காற்று. ஒயில் மூடியின் உட்புறத்தை விரலால் வழித்துக் காட்டினார். ஒயிலில் தண்ணீர் கலந்தால் வரும் பால் தேநீர் நிறம் இல்லை, கறுப்பு ஒயில்தான். பிறகு கைப்பம்பு ஒன்றால் ரேடியேட்டருக்குக் காற்றழுத்தம் கொடுத்தார். கால் மணி நேரம் பம்பின் முள் இறங்கவேயில்லை, எங்கும் கசிவில்லை. அதே பம்பில் ரேடியேட்டர் மூடியை மாட்டி அடித்தபோது, முள் எழும்பவே மறுத்தது.

குற்றவாளி அந்த மூடிதான். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. மூடி 0.9 கிலோ அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் தண்ணீர் 118 பாகை வரை கொதிக்காது. பிடிக்காவிட்டால் 100 பாகையிலேயே கொதித்துப் பக்கத்துப் போத்தலுக்குள் தள்ளப்பட்டு, திரும்பி உள்ளே வராது. புது மூடி 1,800 ரூபாய்.

"அப்படியென்றால் ஹெட்டைக் கழற்றியது வீணா, ஐயா?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் வானுக்கு அடியில் படுத்து டோர்ச் அடித்தார். என்னையும் படுக்கச் சொன்னார். புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்து நட்டுகளில் துரு செதில் செதிலாக அப்படியே இருந்தது. ஒரு நட்டிலிருந்து மற்றதற்குச் சிலந்தி வலை. அந்த நட்டுகளைத் தொடாமல் ஹெட்டை வெளியே எடுக்க முடியாது.

அந்தக் கேஸ்கட்டை எடுத்து நீட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். என்னோடு வந்திருந்த என் மகளின் புத்தகப்பையிலிருந்து அடிமட்டத்தை வாங்கி ஓட்டையின் குறுக்கே வைத்தார். 9 சென்ரிமீட்டரைத் தாண்டி 10ஐ எட்டப் பார்த்தது. 2சி எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 86 மில்லிமீட்டர். 96 மில்லிமீட்டர் என்பது டொல்பின் வான்களில் வரும் 3எல் எஞ்சினுடையது. என் வானுக்குள் ஒருநாளும் இருந்திராத கேஸ்கட்டை இரண்டு கிழமையாகச் சுமந்து திரிந்திருக்கிறேன்.

ஹெட்டைத் திறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், குமிழியைக் காட்டச் சொல்லுங்கள். அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவும் ஹெட்டைக் கழற்றாமலே செய்யக்கூடியவை. கழற்றினால், கழற்றிய அன்றே போய் நேரில் பாருங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம் என்றாலும், காட்டுவதற்கு என் கையில் ஒரு துண்டுகூட இருக்கவில்லை.

கேஸ்கட்டையும் அடிமட்டத்தையும் எடுத்துக்கொண்டு அந்தக் கராஜுக்குப் போனேன். வேறு இரண்டு வான்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் அளந்து காட்டினேன். "பொடியன் மாற்றி எடுத்துத் தந்துவிட்டான் போல, அண்ணை" என்றார். எடுத்துத் தந்தது அவரே. அன்று 40,000 தந்தார். மிச்சம் அடுத்த வெள்ளி என்றார். அதற்குப் பிறகு ஆறு வெள்ளிகள் போய்விட்டன.