ட்ரெக்கிங் சாமான் வாடகைக் கடை, மதுரை: ஸ்லீப்பிங் பேக்குக்கு நம்பிப் போகலாம், முதுகுப் பைக்கு யோசிச்சுப் போங்க

பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில ட்ரெக்கிங் சாமான் வாடகைக்கு விடுறாங்க, கடை பேரு வேணாம், கொஞ்சம் திட்டவும் போறேன். சந்தக்ஃபூ, ஃபாலூட் போறதுக்காக நானும் பசங்களும் ரக்ஸாக்குங்குற முதுகுப் பை, ஸ்லீப்பிங் பேக், உள்ள எறகு அடைச்ச டவுன் ஜாக்கெட், ஸ்டிக் பூராம் அங்கதான் எடுத்தோம்.

போற எடத்தச் சொன்னாத்தான் சாமானோட அருமை புரியும். டார்ஜிலிங் பக்கம் சிங்கலீலா மலை, இந்தியா நேபாள எல்லை மேலயே முகட்டோட முகடா நடக்கணும். சந்தக்ஃபூ 3,636 மீட்டர், மேற்கு வங்கத்துலயே ஒசரமான எடம், அங்கிட்டு இருந்து ஃபாலூட் 21 கிலோமீட்டர், மறைவே கிடையாது, காத்து அடிச்சா அடிச்சதுதான். தங்க ட்ரெக்கர்ஸ் ஹட்டும் வீடுகளும் இருக்கு, அதனால டென்ட் தூக்க வேண்டியதில்ல, ஆனா துணிமணி, ஜாக்கெட், தண்ணி எல்லாம் நம்ம முதுகுலதான்.

மொதல்ல நல்லத சொல்லிருறேன். ஸ்லீப்பிங் பேக்க எல்லாம் சுருட்டி மூட்டையா கட்டாம வரிசையா தொங்க விட்டிருந்தாங்க. இது தெரிஞ்சவங்க செய்ற வேலை, அமுக்கியே வச்சிருந்தா உள்ள இருக்குறது தட்டையாகி அப்புறம் எம்புட்டு உதறினாலும் கதகதப்பு வராது. தொவச்சு வேற வச்சிருந்தாங்க, முந்தி படுத்தவன் வாடை இல்ல. எடுக்கும்போது லேபிள்ல கம்ஃபர்ட்னு போட்டிருக்குற டெம்பரேச்சர மட்டும் பாருங்க, எக்ஸ்ட்ரீம்னு பக்கத்துல இன்னொன்னு போட்டிருக்கும், அது உசுரு தப்புற கணக்கு, தூங்குற கணக்கு இல்ல. சந்தக்ஃபூல காலையில பக்கெட்டுத் தண்ணி மேல ஐஸ் கட்டி நின்னுச்சு, நாங்க நல்லாத்தான் தூங்கினோம்.

இப்ப பைக்கு வருவோம். 60 லிட்டர் பை, பாக்க ஜம்முன்னு இருக்கு. கடைத் தம்பி காலிப் பைய மாட்டிவிட்டு "சூப்பரா செட் ஆயிருச்சுண்ணே"ன்னான். டேய் தம்பி, காலிப் பை யாருக்குத்தான்டா செட் ஆகாது? பத்து கிலோவாச்சும் உள்ள போட்டுப் பாக்கணும், ரெண்டு அஞ்சு லிட்டர் தண்ணி கேன வாங்கி உள்ள வையின்னு சொன்னதுக்கு ஏதோ அவன் சொத்தக் கேட்ட மாதிரி முழிச்சான். பையில பாரம் பெரும்பாலும் இடுப்பு பெல்ட்டுல உக்காரணும், தோள் பட்டை சும்மா பை பின்னாடி சாயாம புடிச்சுக்கத்தான். அதுக்கு நம்ம ஒசரத்த விட முதுகு நீளம்தான் முக்கியம், கழுத்தடியில துருத்திட்டு நிக்கிற எலும்புல இருந்து இடுப்பெலும்பு மேல்விளிம்பு வரைக்கும் டேப்பு வச்சு அளக்கணும். இந்தக் கடையில டேப்பும் கிடையாது, ரெண்டாவது சைஸும் கிடையாது. எங்க செட்டுல ஒருத்தன் கொஞ்சம் குட்டை, அவனுக்கு பெல்ட்டு தொடை கிட்ட வந்து நிக்கிது, என்ன இறுக்கினாலும் நழுவுது.

அடுத்து ரெயின் கவர். உள்பக்கம் தடவினா கையில பிசுபிசுன்னு ஒட்டுது, வெள்ளை வெள்ளையா உரியுது. தண்ணி எறங்காம இருக்க உள்ள பூசியிருக்குற பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் புழுக்கத்துல மடிச்சே கெடந்தா இப்புடித்தான் ஆகும், அதுக்கப்புறம் தண்ணி நிக்காது. மாத்திக் கேட்டதுக்கு "மழைக்குத்தாண்ணே, சமாளிக்கும்"ங்குறாங்க. மழைக்குத்தான்யா கேக்குறேன்! சண்டை போட்டுத்தான் வேற வாங்குனோம்.

ஒண்ணு மட்டும் பாராட்டணும், ஊருக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு நாள் பைய சும்மா குடுத்து ட்ரை பண்ணிக்கச் சொன்னாங்க. தண்ணி பாட்டிலா ரொப்பிட்டு கீழக்குயில்குடி போயி சமணர் மலை ஏறி எறங்குனோம், ஆலமரத்தடியில உக்காந்திருந்த பெருசு ஒருத்தர் "என்னய்யா, வீட்ட விட்டு வந்துட்டீகளா"ன்னு கேட்டாரு. அங்க வச்சுத்தான் என் பையில தோளுக்கு மேல இழுக்குற பட்டை தையல் விட்டிருக்குறது தெரிஞ்சுச்சு. கடையில கேட்டா நீங்களே தச்சுக்கங்கன்னுட்டாங்க. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைக்கிற அண்ணன் மெழுகு நூல ரெண்டா மடிச்சு, குறுக்க ஒரு பெருக்கல் போட்டு தச்சுக் குடுத்தாரு பாருங்க, காலாபோக்ரி தாண்டி சந்தக்ஃபூ வரைக்கும் நெட்டுக்குத்தா ஏறுதே, அங்கயும் ஒரு இழை அசையல. குட்டைப் பயலுக்குத்தான் பாவம், தோளு ரெண்டும் கன்னிப்போச்சு, கடைசியில நடை ஆரம்பிக்கிற ஊரான மானேபஞ்ஜாங்ல இருந்து எங்க கூட வந்த கைடு அவன் பைய வாங்கி தன் பை மேல கட்டிக்கிட்டாரு. அங்க கைடு இல்லாம உள்ள விடமாட்டாங்க, போர்ட்டரும் கெடைக்கும், முதுகு சரியில்லாதவங்க மொதல்லயே பேசிக்கிறது நல்லது.

ஷூவும் வாடகைக்கு இருக்கு, தொடாதீங்க. ரொம்ப நாள் சும்மா கெடந்த ஷூவுக்கு பசை விட்டு சோல் பாதி மலையில வாயப் பொளந்துரும், போக அடுத்தவன் கால் பதிஞ்ச ஷூ நம்மளுக்கு கொப்பளம்தான் குடுக்கும்.

முன்பணத்துல சேறுன்னு சொல்லி கொஞ்சம் புடிச்சுட்டாங்க. மலைக்குப் போன பையில சேறு இல்லாம சந்தனமா இருக்கும்? எடுக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அவங்களுக்கே அனுப்பி வச்சிருங்க. இந்த நடை போற சிங்கலீலா நேஷனல் பார்க் ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மூடியிருக்கும், தொறந்த கையோட அக்டோபர், நவம்பருக்கு எல்லாரும் கெளம்பிருவாங்க, அந்த நேரம் ஸ்லீப்பிங் பேக் வேணும்னா முன்னாடியே சொல்லி வச்சிருங்க. பை வேணும்னா இன்ச் டேப்பையும் ரெண்டு தண்ணி கேனையும் நீங்களே கொண்டு போயிருங்க.