11ஆம் அத்தியாயத்தில் மூடிவிடாதீர்கள்: பெங்குயின் கிளாசிக்ஸ் ‘மிடில்மார்ச்’

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவல் கைநழுவும் இடம் 11ஆம் அத்தியாயம். முதல் பத்தில் டோரதியாவோடு ஒன்றிப்போகிறோம். தன்னைவிட மிக மூத்த கசாபனைக் கட்டிக்கொண்டு அவள் ரோமுக்குக் கிளம்பியதும், கதை லிட்கேட் என்ற இளம் மருத்துவர் பக்கம் தாவிவிடுகிறது. அவளை மறுபடி பார்க்க 19 வரை பொறுக்க வேண்டும். இவை முதலில் தனித்தனியே தொடங்கிய இரண்டு கதைகள். 1871இல்தான் எலியட் ஒன்றாகப் பின்னினார். அந்தத் தையல் அங்கே கொஞ்சம் தெரிகிறது.

நாவல் 1871 டிசம்பர் முதல் ஓராண்டு, எட்டுப் பகுதிகளாக வந்தது. இன்றும் பகுதி பகுதியாக, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று படிப்பதே வசதி. இரண்டாம் பகுதி 22ஆம் அத்தியாயத்தில் முடிகிறது. அதுவரை எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

மனித மனத்தைப் பற்றி எலியட் சொல்லும் சாரம் 27ஆம் அத்தியாயத் தொடக்கத்தில் இருக்கிறது. துடைத்துத் துடைத்துக் கீறல் விழுந்த நிலைக்கண்ணாடி. கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. ஒரு மெழுகுவர்த்தியை அருகில் வைத்தால், அத்தனையும் அந்தச் சுடரைச் சுற்றி வட்டம் வட்டமாக அமைந்ததுபோல் தோன்றும். சுடர் என்பது நம் தன்னலம். 29ஆம் அத்தியாயத்தில் இதையே செய்து காட்டுகிறார்: டோரதியாவைப் பற்றித் தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, ஏன் எப்போதும் இவளையே பார்க்க வேண்டும் என்று கேட்டு, நாம் வெறுத்துக்கொண்டிருந்த கசாபனின் நெஞ்சுக்குள் கூட்டிப்போகிறார். இவ்வளவு நியாயமான எழுத்து அபூர்வம்.

காதலைவிட நட்பைத்தான் அவர் இன்னும் ஆழமாக எழுதியிருக்கிறார் என்பது என் எண்ணம். பாதிரியார் ஃபேர்பிரதரைக் கவனியுங்கள். ஆண்டுக்கு 40 பவுண்டு சம்பளம் உள்ள மருத்துவமனைப் பொறுப்புக்கு லிட்கேட் இவருக்கு எதிராக வாக்களிக்கிறான். இவர் நட்பை முறித்துக்கொள்வதில்லை. 66ஆம் அத்தியாயத்தில், தான் விரும்பும் பெண்ணையே விரும்பும் இளைஞன் சறுக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்ததை அவனிடமே ஒப்புக்கொண்டு எச்சரிக்கிறார். இவருக்கு முன்னால், டோரதியாவை விரும்பும் லாடிஸ்லாவின் காதல் வெளிறித்தான் தெரிகிறது.

பதிப்புக்கு வருவோம். ரோஸ்மேரி ஆஷ்டன் முன்னுரையும் குறிப்புகளும் எழுதியது இந்தப் பெங்குயின் பதிப்பு. எலியட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் அவர். கதை 1829-32இல் நடப்பதால் தேர்தல் சீர்திருத்த மசோதா, ரயில்பாதை, காலரா எல்லாம் குறுக்கே வரும். குறிப்பு இல்லாமல் அரசியல் பேச்சு புரியாது. புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைப்பது மூலம் மட்டுமே. ஒரே சங்கடம், குறிப்புகள் கடைசியில் இருக்கின்றன. 800 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்தில் பக்கத்தைக் குறிக்க இரண்டு அட்டை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். முன்னுரை கதையைப் போட்டு உடைத்துவிடும், அதைக் கடைசியில் படியுங்கள். அத்தியாயங்களின் தலையில் ஆசிரியர் பெயரில்லாமல் நிற்கும் வரிகள் எலியட்டே எழுதியவை. அவற்றைத் தாண்டிப் போக வேண்டாம்.