சியாங் மாய் பகிர்வு விடுதி: இணையத்துக்கு முழு மதிப்பெண்

தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், நிம்மன்ஹேமின் சாலையை ஒட்டிய சந்தில், பலர் சமையலறையைப் பகிர்ந்துகொண்டு தங்கி வேலை செய்யும் இந்த விடுதியை இணையத்துக்காகவே பரிந்துரைப்பேன். இரண்டு நிறுவனங்களின் ஃபைபர் இணைப்புகள். ரவுட்டருக்குத் தனி யுபிஎஸ். மழையில் மின்சாரம் போய் அறையே இருண்டபோதும் சென்னை அலுவலகத்துடனான வீடியோ கூட்டம் தடைபடவில்லை. தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால் என்பதால் காலையில் ஆற அமரச் சமைக்கலாம். சமைத்ததைப் பாதுகாப்பதுதான் பெரும்பாடு! குளிர்பதனப் பெட்டியில் பெயர் ஒட்டி வைத்த தயிரைக்கூட யாரோ வழித்துவிடுகிறார்கள். சுவர்களோ பெயருக்குத்தான், பக்கத்து அறைக்காரர் வாடிக்கையாளர்களிடம் பேசும் பேச்சு எனக்கே மனப்பாடம். தொலைபேசி அறை ஒன்றுதான், அதற்கும் அடிதடி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடும் வயலும் எரியும் புகை ஊரையே மூடும். அறைகளில் காற்றுச் சுத்திகரிப்பான் கிடையாது. அந்த மாதங்களில் முன்பதிவு செய்யாதீர்கள்.