முஸ்தபா மெஷினில் விழுந்த ஒற்றைக் கோடு

மெல்பர்னிலிருந்து மூன்று வார லீவில் சென்னை போய் வந்தேன். கல்யாணம், பாங்க் வேலை எல்லாம் ஒழுங்காக முடிந்தது. எழுத வேண்டியது மாமா வீட்டு வீடியோ கேம் மெஷினைப் பற்றி.

பெரம்பூரில் மாமாவின் வீடியோ கேம் கடையில் விளையாடியவர்களுக்கு "முஸ்தபா" என்றாலே போதும். 1993இல் கேப்காம் விட்ட கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்தான் அது, ஆனால் அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை, அதில் வரும் ஓர் ஆளின் பேர்தான் முஸ்தபா. கடையை மூடியபோது அந்த ஒரு பெட்டியை மட்டும் மாமா விற்கவில்லை. இந்த முறை போய் சுவிட்சைப் போட்டால் சத்தம் வருகிறது, காயின் போட்டால் அந்தச் சத்தமும் வருகிறது, திரையில் மட்டும் நடுவில் பளீரென்று ஒரு படுக்கைக் கோடு.

சத்தம் வந்தால் கேம் போர்டு நன்றாக இருக்கிறது. கோடு தெரிந்தால் பிக்சர் டியூபுக்கும் உயிர் இருக்கிறது. போனது படத்தை மேலும் கீழும் விரிக்கும் வெர்டிகல் பகுதி மட்டும். இதைத்தான் எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடையில் போட்டோ காட்டிச் சொன்னேன். நாலு பேரும் ஒரே பதில்: "டியூப்பா? எல்சிடி போட்டுடுங்க சார்." ஒரு காலத்தில் டிவி போர்டோடு போனால் பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்க்கும் தெரு அது, கோபம் கோபமாக வந்தது. 384க்கு 224 புள்ளிகளில் டியூபுக்காகவே வரைந்த படத்தை எல்சிடியில் இழுத்துப் போட்டால் டைனோசர் சதுரம் சதுரமாகத் தெரியும்.

மெல்பர்னிலும் இதே கதைதான். 2019 ஜூலையிலிருந்து விக்டோரியாவில் எலக்ட்ரானிக் சாமானைக் குப்பையில் போடக் கூடாது, கொண்டுபோய்க் கொடுக்க இடம் வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டுமென்றால் நான் தேடிய வரை கிடைக்கவில்லை.

கடைசியில் நரசிங்கபுரம் தெருவில் பழைய ஐசி விற்கும் ஒருவர்தான் வியாசர்பாடி மெக்கானிக் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு பெரியவர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கினார். முதல் வேலையாக டியூபுக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கும் எல்ஓடியில் இருக்கும் ஸ்கிரீன் குமிழைத் திருகிக் கோட்டை மங்கலாக்கினார். "இப்படியே எரிஞ்சா டியூப்ல தழும்பு விழுந்துடும் தம்பி." அப்புறம் ஆஃப் செய்து, டியூபின் எர்த்தோடு ஒயர் கட்டிய ஸ்குரூடிரைவரை ஹை வோல்டேஜ் ஒயர் டியூபில் சேரும் ஆனோடு ரப்பருக்கு அடியில் நுழைத்தார். டப் என்று ஒரு சத்தம், தேங்கியிருந்த கரண்ட் இறங்கிவிட்டது. அதன் பிறகுதான் கை வைத்தார்.

போர்டைத் திருப்பி லென்ஸில் எனக்கும் காட்டினார். வெர்டிகல் ஐசியின் ஏழு கால்களில் இரண்டைச் சுற்றி முடி போல வட்டமாக விரிசல், டிரை சால்டர், அதாவது பற்றவைத்த ஈயம் விட்டுப்போயிருந்தது. மறுபடி ஈயம் தொட்டு வைத்தும் கோடு போகவில்லை. 24 வோல்ட் ஐசி வரைக்கும் வருகிறது, ஆக ஐசியே போய்விட்டது. பையிலிருந்து ஒரு பழைய போர்டை எடுத்தார், 2006இல் ஆரம்பித்த இலவச கலர் டிவித் திட்டத்தின் செட் ஒன்றிலிருந்து கழற்றியது. அதிலிருந்த எல்ஏ 78040 வெர்டிகல் ஐசியைப் பிடுங்கிப் பொருத்தி, எங்காவது ஷார்ட் இருந்தாலும் போர்டு எரியாமலிருக்க 100 வாட் பல்பை சீரியஸில் போட்டு ஆன் செய்தார். படம் விரிந்தது! ஆனால் மேலே ரெண்டு விரல் அகலத்துக்கு மடிந்து வெள்ளைக் கோடுகள்.

மீட்டரைக்கூட எடுக்கவில்லை. ஐசியின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கை ஒட்டியிருந்த 100 எம்எஃப்டி, 35 வோல்ட் கண்டென்சரை மாற்றினார். "சூட்டுக்குப் பக்கத்துலயே இருந்து காஞ்சுபோச்சு." மடிப்பு போய்விட்டது. இந்த ஆள் இருக்கும் ஊரில்தான் நாலு கடைக்காரர்கள் டியூபைத் தூக்கிப் போடச் சொன்னார்கள்!

700 ரூபாய் கேட்டார், ஆயிரம் கொடுத்தேன், மீதியை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவையாவது மெஷினை ஓட விடச் சொன்னார்.

காயின் பொறி பழைய பெரிய ஒரு ரூபாய்க்குச் செய்தது, 2011இல் வந்த சின்னக் காயின் நிற்காமல் வழுக்கி விழுகிறது. மாமா உள்ளே போய் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பழைய காயினோடு வந்தார். "நீ பச்சைச் சட்டை எடுத்துக்கோ, எனக்கு முஸ்தபா" என்றார்.