ஒரே கம்பெனி மட்டும் உள்ள குடியிருப்பில் பிராட்பேண்டுக்கு வருடப் பணம் கட்டாதீர்கள்

சென்னையை அடுத்த கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் புது அடுக்குமாடிகளில் வீடு பார்ப்பவர்கள் கவனத்துக்கு. தண்ணீர், ஜெனரேட்டர், கார் பார்க்கிங் எல்லாம் விசாரிக்கிறோம். கட்டடத்துக்குள் எத்தனை கம்பெனியின் இன்டர்நெட் ஃபைபர் கேபிள் வருகிறது என்றும் கேளுங்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒன்றே ஒன்று. கட்டும்போதே பில்டர் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் கேபிள் இழுக்க வழிவிட்டார். அசோசியேஷனும் அதையே தொடர்கிறது. மெயின் ரோட்டுக் கம்பம் வரை இன்னொரு கம்பெனியின் ஃபைபர் வந்து நிற்கிறது, ஆனால் அவர்கள் ஆளை செக்யூரிட்டி கேட்டைத் தாண்ட விடுவதில்லை.

விற்க வந்தவர், 200 எம்பிபிஎஸ், ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ரவுட்டர் இலவசம் என்றார். மாதம் 799 என்று சொன்னது 18 சதவீத ஜிஎஸ்டியோடு 943 ஆனது. அதுகூடப் பரவாயில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேகம் இருபதைத் தாண்டுவதே அபூர்வம். லேப்டாப்பில் நேரடியாக ஒயர் செருகிப் பார்த்தும் அதே நிலைதான், அதனால் வைஃபை மேல் பழிபோட வழியில்லை.

அப்புறம் வடிகாலுக்குத் தோண்டிய ஜேசிபி ஃபைபரை அறுத்துவிட்டது. ரவுட்டரில் சிவப்பு விளக்கு, ஒரு வாரத்துக்கு மேல். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் என் மனைவி மொபைல் ஹாட்ஸ்பாட்டை வைத்து மீட்டிங்குகளை ஓட்டினார். ஆள் எட்டிக்கூடப் பார்க்காத நிலையில் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வரும். லைன்மேன் ஒருநாள் போன் செய்து, “சார், ஓடிபி சொல்லுங்க, டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டு நாளைக்கு வந்து பாக்குறேன்” என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது அங்கேதான். நாங்கள் வேறெங்கும் போக முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மீதிப் பணத்தைக் கேட்டால், வருட பிளானில் ரீஃபண்ட் கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் லைன் சரியாகும்வரை ஓடிபியைச் சொல்லாதீர்கள். புகார் எண்ணையும் ஸ்பீட் டெஸ்ட் படங்களையும் சேர்த்து வையுங்கள். புகார் மையம் கைவிரித்தால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தனிநபர் புகார்களை எடுத்து விசாரிப்பதில்லை, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆனால் பழுது 3 வேலை நாட்களைத் தாண்டினால் பிராட்பேண்ட் மாத வாடகையில் கழித்துத் தர வேண்டும் என்று அதன் 2006-ம் ஆண்டு தர விதிகள் சொல்லியிருந்தன; 2024-ல் அவற்றுக்குப் பதிலாகப் புது விதிகள் வந்துவிட்டன. இப்போதைய விதியைப் பார்த்துக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வேறு லைன் வரும்வரை மாதாமாதம் மட்டும் கட்டுங்கள். நாங்கள் இப்போது இரண்டாவது கம்பெனியை உள்ளே விடச் சொல்லிக் குடியிருப்போரிடம் கையெழுத்து வாங்கி வருகிறோம். உங்கள் குடியிருப்பில் இதைச் சாதித்திருந்தால், அசோசியேஷனுக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.