சிஎஃப்எம்56-7பி: பராமரிப்பவர் பார்வையில்

போயிங் 737-இன் 600 முதல் 900 வரையான மாடல்களுக்கு இது ஒன்றுதான் இன்ஜின். முன்னால் காற்றை இழுக்கும் 61 அங்குல ஃபேன், அதில் 24 டைட்டானியம் பிளேடுகள், காற்றை அமுக்கும் ஒன்பது அடுக்கு உயரழுத்த கம்ப்ரசர். எரிந்த வாயுவால் சுழலும் உயரழுத்த டர்பைன் ஒரே அடுக்கு என்பதால், விலை கூடிய டர்பைன் பிளேடுகளை ஓவர்ஹாலில் குறைவாகவே மாற்ற வேண்டியிருக்கும். இதுதான் இதன் பெரிய பலம்.

பலவீனம் ஃபேன் பிளேடின் அடிவேரில். பிளேடுகளைத் தாங்கும் டிஸ்க்கின் பள்ளத்தில் உட்காரும் அந்தப் பகுதியில் செம்பு-நிக்கல்-இண்டியம் பூச்சும் அதன்மேல் உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் உலர் மசகுப் பூச்சும் இருக்கும். இந்த மசகு குறைந்தால் உராய்வு ஏறும், அழுத்தம் கூடும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறக்கும். 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு 737-700-இல் பிளேடு முறிந்தது அடிவேரில் பிறந்த விரிசலால்தான். ஒரு பயணி இறந்தார். அதன்பின் அங்கே விரிசலைக் கண்டுபிடிக்கும் அல்ட்ராசோனிக் (மீயொலி) சோதனை கட்டாயமானது.

மசகு போடுவது சிரமமில்லை, பொறுமைதான் வேண்டும். ஃபேனின் நடுவிலுள்ள ஸ்பின்னர் கூம்புகளைக் கழற்றி, பிளேடுகளுக்கு இடையிலுள்ள பிளாட்ஃபார்ம்களை எடுத்து, அடியிலுள்ள ஸ்பேசரை இழுத்தால் பிளேடு இறங்கி முன்னால் வழுக்கி வரும். வெளியே எடுக்கும்முன் எண் குறியுங்கள். இடம் மாறினால் எடைச் சமநிலை போய் அதிர்வு ஏறும். பிறகு ஸ்பின்னரில் பேலன்ஸ் திருகுகளோடு மல்லுக்கட்ட வேண்டும். பழைய மசகைச் சுரண்டாதீர்கள், பூச்சும் சேர்ந்து போய்விடும்.

வெளியேறும் வாயுவின் வெப்பநிலை உச்சவரம்பை நெருங்கினால் இன்ஜினை உடனே ஓவர்ஹால் ஷாப்புக்கு அனுப்ப வேண்டாம். முதலில் கம்ப்ரசரைத் தண்ணீரால் கழுவுங்கள். படிந்த அழுக்கே பல நேரம் காரணம். எரிபொருள் சிக்கனத்தில் அடுத்து வந்த லீப் இன்ஜின் இதை முந்திவிட்டது.