முதலாண்டு மருத்துவ மாணவருக்கு எந்த வேதியியல்: தடித்த அறிமுக நூலா, பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் தொகுதியா?

குடியாத்தத்தில் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலூரில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தபோது, இனி வேதியியல் முடிந்தது என்றே நினைத்தேன். முதலாண்டின் முதன்மைப் பாடங்கள் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றுமே. வேதியியலுக்கெனத் தனி வகுப்பு கிடையாது. ஆனால் உயிர்வேதியியலின் இரண்டாவது வாரத்திலேயே, நீட் தேர்வின் 720 மதிப்பெண்களில் 180 மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தவற்றில் பெரும்பகுதி மறந்துபோயிருந்தது தெரிந்தது. விடைகளை அடையாளம் காணப் பழகியிருந்தேனே தவிர, ஒரு வினையைத் தாளில் எழுதிக் காட்டப் பழகவில்லை.

அப்போது என் முன் மூன்று வழிகள் இருந்தன. பொது வேதியியலையும் கரிம வேதியியலையும் சேர்த்து, வெளிநாட்டு மருத்துவத் துறை மாணவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தடித்த அறிமுக நூலைப் படிப்பது ஒன்று. தனியே எதையும் படிக்காமல், உயிர்வேதியியல் நூலில் வரும் இடங்களில் மட்டும் கற்றுக்கொள்வது மற்றொன்று. தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூலின் இரண்டாம் தொகுதியைப் பேனாவும் தாளுமாக மறுபடி படிப்பது மூன்றாவது. மூன்றாவதையே நான் தேர்ந்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்தும் அதையே பரிந்துரைப்பேன்.

படங்களின் தெளிவில் ஆங்கில நூல் மேலானது, நேரச் சிக்கனத்தில் இரண்டாவது வழி மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் முதலாண்டு மாணவர் பார்க்க வேண்டியது வேறொன்று: மறந்த பிறகு அதை மீட்டெடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. படித்த வேதியியல் எப்படியும் மறக்கும். நோயாளியின் இரத்த வாயு அறிக்கை கையில் இருக்கும்போது அது பத்து நிமிடத்தில் திரும்பி வருமா, இரண்டு நாள் ஆகுமா என்பதே கேள்வி.

அயனிச் சமநிலை பாடத்தில் வரும் ஹென்டர்சன் சமன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். கரைசலின் பிஎச்சைக் கணக்கிட உதவுவது அது; பிஎச் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். இரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல். கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 40 மி.மீ. பாதரசம், அதை 0.03 ஆல் பெருக்கினால் கரைந்த வாயு 1.2 மில்லிமோல். இரண்டின் விகிதம் 20. அதன் மடக்கை 1.3, அதனோடு அமிலத்தின் வலிமையைக் குறிக்கும் பிகேஏ மதிப்பான 6.1 ஐக் கூட்டினால் 7.4, அதாவது இரத்தத்தின் இயல்பான பிஎச். சர்க்கரை நோய் முற்றிக் கீட்டோன் அமிலங்கள் பெருகிப் பைகார்பனேட் 12 ஆகக் குறைந்தால், மூச்சு மாறாத நிலையில் விகிதம் 10 ஆகி பிஎச் 7.1 க்கு இறங்கும். நோயாளி ஆழமாக மூச்சு வாங்கி வாயுவின் அழுத்தத்தை 26 க்குக் கொண்டுவந்தால் விகிதம் ஏறத்தாழ 15.4 ஆகிறது, பிஎச் 7.29 வரை மீள்கிறது. அந்த மூச்சிரைப்பு உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் கணக்கு என்பது, இதை ஒருமுறை கையால் போட்டவருக்குப் பின்னர் எந்த வார்டில் கேட்டாலும் நினைவுக்கு வரும். உயிர்வேதியியல் நூலில் சமன்பாட்டை மட்டும் வாசித்துச் சென்ற என் அறைத்தோழர் ஒவ்வொரு தேர்வுக்கும் அதைப் புதிதாகவே படிக்க வேண்டியிருந்தது.

இதே தொகுதியில்தான் கார்பனைல் சேர்மங்கள், கரிம நைட்ரஜன் சேர்மங்கள், உயிரியல் மூலக்கூறுகள் ஆகிய பாடங்களும் அடுத்தடுத்து வருகின்றன. ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து இமீன் உருவாகும் வினையைப் பள்ளியில் ஒரு வரியாகக் கடந்திருப்போம். குளுக்கோஸின் ஆல்டிஹைடு தொகுதி ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி முனையிலுள்ள வாலினின் அமினோ தொகுதியோடு செய்வது அதே வினைதான். பின்னர் அது உள்ளமைப்பு மாறி நிலைபெறுகிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால்தான், இப்படிச் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினை அளக்கும் எச்பிஏ1சி பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டுகிறது.

பள்ளியில் தமிழில் படித்தவருக்கு இந்தத் தொகுதி தரும் மற்றொரு பயன், தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒப்பிடலாம் என்பது. தாங்கல் கரைசல், வினைச்செயல் தொகுதி, மாற்றியம் என நாம் அறிந்த சொற்களுக்கு வகுப்பில் வழங்கும் ஆங்கிலச் சொற்களை எழுதிவைக்க எனக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதுமானதாக இருந்தது. ஆங்கிலவழியில் படித்தவருக்கு இந்தக் காரணம் பொருந்தாது. அவர்களுக்கு அந்தத் தடித்த நூல் என்னைவிட இலகுவாக அமையக்கூடும். நானும் அதில் மூன்று அத்தியாயங்களே படித்தேன். ஆகவே அதைப் பற்றிய என் கருத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் தொகுதி மட்டுமே போதும் என்றும் சொல்ல மாட்டேன். மாற்றியங்களுக்குப் பதினோராம் வகுப்பின் கரிம வேதியியல் அடிப்படைகளைப் புரட்ட வேண்டும். எல் அமினோ அமிலம், டி குளுக்கோஸ் என்ற வேறுபாடு அங்கிருந்தே விளங்கும். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவே படிக்கும் நாம், முதல் தொகுதியின் இடைநிலைத் தனிமங்களையும் விட்டுவிடக் கூடாது. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிற குரோமியம்; அது செல்லுக்குள் எளிதில் நுழைவதில்லை. ஆறு இணைதிற குரோமேட் அயனியோ சல்பேட்டின் வடிவை ஒத்திருப்பதால், சல்பேட்டுக்கான வழியிலேயே உள்ளே சென்று டிஎன்ஏ வைச் சிதைக்கிறது. இவ்விரண்டு பாடங்களையும் சேர்த்து, நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் எனக்கு ஆறு வாரங்கள் பிடித்தன; உயிர்வேதியியலில் அமினோ அமிலங்கள் தொடங்குவதற்குள் அயனிச் சமநிலையையும் கார்பனைலையும் முடித்துவிடுவது நல்லது, மற்றவை பின்னர் வரலாம்.